வீட்டு ஊறுகாய்க்கும் பதிவு வேண்டுமா?

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் பூண்டு ஊறுகாயும் பருப்புப் பொடியும் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் விற்கிறேன். மாதம் 35,000 ரூபாய் வரை விற்பனை. யாரோ புகார் கொடுத்ததால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பதிவுச் சான்று கேட்டார். ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்கிறார். தொழிலை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம் அம்மா. பதிவு கிடைக்கும் வரை விற்பனையை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, சிறு தயாரிப்பாளர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு தந்து, பதிவை மட்டும் கட்டாயமாக்குகிறது. உங்கள் விற்பனை ஆண்டுக்கு 4.2 லட்சம்தான், பதிவு மட்டும் போதும் என்று விதிமுறைகள் வகுத்த வரம்புக்குள் வருகிறது. உரிமமின்றித் தொழில் செய்தால் தண்டனை என்று சொல்லும் 63-ஆம் பிரிவு, இந்த விலக்கு பெற்றவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் பதிவு இல்லாததற்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தொகையை முடிவு செய்யும்போது இது முதல் தவறா, திரும்பத் திரும்பச் செய்ததா என்றும் பார்ப்பார்கள். அதனால் அடுத்த முறை அலுவலர் வரும்போது விண்ணப்ப ரசீதாவது கையில் இருக்கட்டும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். போட்டோ, ஆதார், வாடகை ஒப்பந்தம் இவற்றைத் தயாராக வையுங்கள். இதற்குப் போய் ஏஜென்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

சான்று வந்ததும் பாட்டிலைக் கவனியுங்கள். வெறும் "பூண்டு ஊறுகாய்" ஸ்டிக்கர் போதாது. பூண்டு, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு எனச் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, உங்கள் பெயர், முகவரி, 14 இலக்கப் பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். கடுகு சேர்த்தால் அதையும் விடாமல் எழுதுங்கள்.

வீட்டு சிலிண்டரில் வியாபாரச் சமையல் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மாறுங்கள். இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: பெங்களூரு போன்ற வெளிமாநில ஊர்களுக்கு ஊறுகாய் பார்சல் அனுப்பினால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்பது நல்லது.

அப்புறம் வீட்டுக்காரர். அவர் வாயால் சொன்னதற்காக நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் "குடியிருப்புக்கு மட்டும்" என்று இருந்தால் அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. புகை, நெடி, எண்ணெய்க் கறை இவற்றில் எது அவருக்குத் தொல்லை என்று கேளுங்கள். அதைச் சரிசெய்துவிட்டு, வீட்டில் ஊறுகாய், பொடி தயாரிக்கச் சம்மதம் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.