ஒளிவாளும் உப்புக்காற்றும்

ஸ்டார் வார்ஸ் படப் பொம்மைகள், லைட்சேபர் எனும் ஒளிவாள், பட டிஸ்க் வாங்குவது பற்றி ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

என் மகனுக்கு 13 வயது. லைட்சேபர் கேட்டு உயிரை எடுக்கிறான். ஆன்லைனில் ஆர்ஜிபி, பிக்சல் என்று இரண்டு வகை காட்டுகிறது. பிக்சல் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதை வாங்கலாம்? — கீழக்கரை வாசகி

மொட்டைமாடியில் தம்பியோடு மோதிப் பார்க்கத்தான் கேட்கிறான் என்றால், யோசிக்காமல் ஆர்ஜிபி வாங்குங்கள். அதில் எல்இடி விளக்கு கைப்பிடிக்குள் இருக்கும். வாள் வெறும் பாலிகார்பனேட் குழாய். அடி வாங்கிக் குழாய் உடைந்தால் குழாயை மட்டும் மாற்றினால் போதும். பிக்சலில் வாளுக்குள்ளேயே எல்இடி பட்டை ஓடுகிறது. ஒளி அடியிலிருந்து நுனிவரை ஓடி ஏறும் அழகு அதில்தான் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டையில் ஒவ்வொரு எல்இடியும் தகவலை அடுத்ததற்குக் கைமாற்றி விடுகிறது. நடுவில் ஒன்று செத்தால் அதற்குமேல் இருப்பதெல்லாம் இருட்டு, அல்லது கண்டபடி மினுக்கும். ஓங்கி அடித்து விளையாடுகிற வயதில் இது நடக்கும். நடந்தால் வாள் முழுவதையும் மாற்ற வேண்டும்.

வாங்கும் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஒளியின் நிறம் அல்ல, குழாயின் அளவு. வெளிவிட்டம் பெரும்பாலும் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. சிலவற்றில் 7/8 அங்குலம் வரும். அது தெரியாமல் பின்னால் மாற்றுக் குழாய் வாங்கினால் உள்ளே ஆடும். சுவர்த் தடிமன் 2 மி.மீ. என்றால் மெதுவான மோதலுக்குச் சரி, 3 மி.மீ. என்றால் பலமான அடியும் தாங்கும், ஆனால் நுனி கனத்து மணிக்கட்டு வலிக்கும். 13 வயதுக்கு 2 மி.மீ. தடிமனில் 82 செ.மீ. நீளம் போதும். 92 செ.மீ. வாள் வளர்ந்தவர்களுக்கு, வீட்டுக்குள் சுழற்றினால் மின்விசிறியில்தான் போய் முட்டும்.

குழாயைக் கைப்பிடியோடு பிடித்து நிறுத்துவது தலையில்லாத ஒரு சின்ன ஸ்க்ரூ. ஆலன் கீ கூடவே வரும். குழாயை அடிவரை இறக்கி, ஸ்க்ரூ தொட்டதும் இன்னும் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். அதற்குமேல் முறுக்கினால் அந்த இடத்திலிருந்தே விரிசல் கிளம்பும். ஸ்க்ரூ கழன்றுகொண்டே இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போடும் ஸ்க்ரூ பூட்டுப் பசையைத் தடவிவிடாதீர்கள். அந்தப் பசை பட்டால் பாலிகார்பனேட் நுணுக்கமாக வெடிக்கும். தின்னரும் பெட்ரோலும் அப்படித்தான். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

இன்னொன்று. உரிமம் பெற்ற லைட்சேபரும் சண்டைக்கு ஏற்ற லைட்சேபரும் ஒன்றல்ல. பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் ஃபோர்ஸ் எஃப்எக்ஸ் போன்றவை உரிமம் பெற்றவை, ஆனால் அலமாரியில் வைக்கவும் வேடம் போடவும்தான் ஏற்றவை. அடித்து விளையாடச் செய்தவை பெரும்பாலும் படத்தின் பெயரே போடாமல் 'எல்இடி சேபர்' என்று விற்பவை. 'ஒரிஜினல் ஸ்டார் வார்ஸ், ஃபுல் காண்டாக்ட் சண்டைக்கும் ஏற்றது' என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் விற்பவரிடம் நான்கு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரியில் ஓடுவதற்கு முத்திரையின் மேலே ஐஎஸ் 15644 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு வாங்கியது என்று வந்துவிடும். பெயர் பொருந்தாவிட்டால் முத்திரை வெறும் ஸ்டிக்கர். '14+' என்று பெட்டியில் அச்சடித்துவிட்டு இதிலிருந்து தப்புகிறவர்களும் உண்டு. உங்கள் மகனுக்கு 13 என்பதால் இதைக் கவனியுங்கள்.

போன வருடம் வாங்கிய பிக்சல் சேபர் சத்தம் போடுகிறது, வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறது. வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். கடைக்காரர் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். — பாம்பன் வாசகர்

சத்தம் வந்தால் பேட்டரியும் போர்டும் உயிரோடுதான் இருக்கின்றன. போர்டு மாற்றக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். கைப்பிடியும் வாளும் சேரும் இடத்தில் ஸ்ப்ரிங் வைத்த சின்னச் சின்ன ஊசிகள் வட்டமாக இருக்கும். அவைதான் வாளுக்கு மின்சாரம் கொடுப்பவை. உங்கள் ஊர்க் காற்றுக்கு முதலில் பலியாவதும் அவைதான். உப்புத்தூள் படிந்த இடம், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே தண்ணீர் உறிஞ்சி நசநசக்கும். பாம்பனில் வாடைக்காற்று மழையோடு வரும் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் அதே நிலைதான்.

சுவிட்சை அணைத்து, வாளைக் கழற்றி, பேட்டரியையும் வெளியே எடுங்கள். ஒவ்வோர் ஊசியையும் பல்குத்தும் குச்சியால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டதும் துள்ளி எழ வேண்டும். இறங்கியபடியே நிற்கும் ஊசிதான் குற்றவாளி. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் நனைத்து ஊசிகளையும், வாளின் அடியில் உள்ள செம்பு வளையங்களையும் துடையுங்கள். சிக்கிய ஊசியை நனைத்துவிட்டு இருபது முப்பது முறை அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் விடுபடும். கைக்குப் போடும் சானிடைசர் வேண்டாம். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருப்பதால் பிசுக்கு ஒட்டும். வளையத்தில் பச்சை பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டுத் துடையுங்கள். அரை மணி நேரம் காயவிட்டுப் பேட்டரியைப் போடுங்கள். அப்படியும் வெளிச்சம் வராவிட்டால், அதே இணைப்பு அமைப்புள்ள இன்னொரு வாளைச் செருகிப் பார்த்த பிறகுதான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும்.

கழற்றியது கழற்றியாயிற்று, பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் 18650 வகை: 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். மல்டிமீட்டரில் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜ் போட்ட மறுநாளே சும்மா கிடந்து 3.5-க்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது. மாற்றுப் பேட்டரியின் உறையில் 9,900 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அந்தக் கடையையே மறந்துவிடுங்கள். இந்த அளவில் நல்ல பேட்டரியே ஏறக்குறைய 3,500-ஐத் தாண்டாது. சந்தேகமிருந்தால் நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்: நல்லது 45 கிராம் சுமாருக்கு இருக்கும், போலி பெரும்பாலும் எடை குறைவாக இருக்கும். உறையில் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதையும் அதே செயலியில் சரிபார்க்கலாம். பாதுகாப்புச் சுற்று வைத்த பேட்டரி சில மில்லிமீட்டர் நீளம் கூடுதல் என்பதால், பழையதை அளந்த பிறகே வாங்குங்கள். சேபருக்குள் வைத்தே சார்ஜ் போடும் மாடல் என்றால் 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் போதும். போனின் ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம்.

அலுமினியக் கைப்பிடியில் இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால் உப்பு ஈரம் இரண்டையும் பிணைத்துவிடும், பிறகு கழற்றவே வராது. காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவாக மாற்றி, மரையில் துளி வாசலின் தடவுங்கள். ஊசிகளில் வாசலின் படக்கூடாது.

துபாயில் இருக்கும் மாமா ஊருக்கு வரும்போது லைட்சேபரும், பிளாஸ்டர் துப்பாக்கிப் பொம்மையும், கூடுதலாக இரண்டு பேட்டரியும் கொண்டுவருகிறார். விமானத்தில் பிரச்சினை வருமா? — தேவிபட்டினம்

தனியாக வரும் பேட்டரி கைப்பையில்தான் வரவேண்டும், பெரிய பெட்டியில் போடவே கூடாது. இரு முனையிலும் டேப் ஒட்டி, தனித்தனி உறையில் வையுங்கள். 3.7 வோல்ட், 2,600 எம்ஏஎச் என்றால் 9.6 வாட்-ஹவர், விமானத்தின் 100 வாட்-ஹவர் வரம்புக்கு வெகு கீழே. துப்பாக்கி வடிவப் பொம்மை இதற்கு நேர் எதிர்: அது கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள், பெட்டிக்குள் போகட்டும். சேபரையும் பேட்டரி கழற்றி, வாள் தனி, பிடி தனியாகப் பெட்டியில் வைப்பதே நிம்மதி. குழாயைச் சேலைக்கும் கைலிக்கும் நடுவே சுருட்டி வைத்தால் உடையாது.

மதுரையில் இறங்கினாலும் திருச்சியில் இறங்கினாலும் பில் கையில் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பொம்மை என்றால் யாரும் கண்டுகொள்வது அரிது. அதே பொம்மை ஆறு பெட்டி இருந்தால் வியாபாரச் சரக்கு என்று கேள்வி வரும். அங்கே வாங்கியதன் வாரண்டி இங்கே செல்லுமா என்று மாமாவைக் கடையிலேயே கேட்கச் சொல்லுங்கள்; செல்லாது என்றால் விலை வித்தியாசத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

நண்பர்களுக்குள் தகராறு. முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் மதுக்கடைக் காட்சியில் கடத்தல்காரன் ஹான் முதலில் சுட்டானா, அவனைப் பிடிக்க வந்த கிரீடோ சுட்டானா? '1977 ஒரிஜினல், வெட்டில்லாத ப்ளூ-ரே' என்று ஒருவர் விற்கிறார். வாங்கினால் தீருமா? — ராமநாதபுரம்

முதலில் என்ன, 1977 படத்தில் ஹான் மட்டும்தான் சுட்டான். 1997 சிறப்புப் பதிப்பில் கிரீடோ முதலில் சுடுவதாக மாற்றினார்கள். 2004 டிவிடியில் இரண்டு குண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் பாய்கின்றன. 2019-இல் ஓடிடிக்கு வந்தபோது கிரீடோ வாயில் 'மக்ளங்கி' என்று ஒரு சொல்லும் ஏறிக்கொண்டது. ஆக, உங்கள் நண்பர்கள் ஆளுக்கொரு பதிப்பைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள்.

ப்ளூ-ரேயில் அதிகாரபூர்வமாக வந்ததெல்லாம் மாற்றிய பதிப்புகளே. மாற்றாத படம் டிவிடியில் வந்தது 2006-இல், கூடுதல் டிஸ்க்காக. அதுவும் 1993 லேசர்டிஸ்க்குக்குச் செய்த பிரதியிலிருந்து எடுத்தது. இன்றைய டிவியில் நான்கு பக்கமும் கருப்புப் பட்டையோடு நடுவில் சின்னதாகத் தெரியும். எனவே அவர் விற்பது ரசிகர்கள் செய்த பிரதி. உரிமம் கிடையாது, கெட்டுப்போனால் கேட்க நாதி கிடையாது. 2006 டிவிடியைத் தேடுவதானால் ரீஜன் எண்ணைப் பாருங்கள். அமெரிக்கப் பிரதி ரீஜன் 1, இந்திய பிளேயர் ரீஜன் 5; எண் பொருந்தாவிட்டால் டிஸ்க் ஓடாது.

ஆன்லைனில் ஒரு பக்கத்தில் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தின் பெரிய லெகோ செட்டை ₹6,000-க்கு வாங்கினேன். பெட்டியே இல்லாமல் பாலிதீன் பைகளில் வந்தது, துண்டுகளும் குறைகின்றன. 'நோ ரிட்டர்ன்' என்று சொல்லிவிட்டார்கள். — தொண்டி

அந்தப் பெரிய ஃபால்கன் 75192 எண்ணுள்ள செட். 7,541 துண்டுகள், 2017-இல் அமெரிக்காவில் வெளியீட்டு விலையே 799.99 டாலர். ₹6,000-க்கு அது வராது. உறுதி செய்ய ஒரு துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற ஆங்கில எழுத்து புடைத்திருக்கும். போலியில் மொட்டையாக இருக்கும்.

'நோ ரிட்டர்ன்' என்பது இங்கே செல்லாது. 2020 மின்வணிக விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. விளம்பரப் பக்கத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கே அழித்துவிடுவார்கள். கூடவே, பணம் கட்டிய விவரம், பை மேல் ஒட்டிய கூரியர் சீட்டு, மொட்டைக் குமிழின் படம். எந்தத் தளத்தில் வாங்கினீர்களோ அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முகவரியே இல்லாத பக்கத்துக்கு யுபிஐயில் நேராகப் பணம் போயிருந்தால் இது மோசடிக் கணக்கில் சேரும். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பணம் திரும்புவது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

'1977 பொம்மை' என்று ஒருவர் காலில் ஆண்டு பொறித்ததைக் காட்டி விற்கிறார். நம்பலாமா? — மண்டபம்

காலில் இருப்பது பதிப்புரிமை ஆண்டு. ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை முதலில் செய்த கென்னர் நிறுவனத்தின் முதல் உருவப் பொம்மைகள் ரசிகர் கைக்கு வந்ததே 1978-இல்தான். ஆண்டோடு 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பழைய கென்னர் அச்சு. ஹாஸ்ப்ரோ பெயர் இருந்தால் 2019-க்குப் பிறகு பழைய தோற்றத்தில் திரும்ப விட்ட வரிசையாக இருக்கலாம். பொம்மை நல்லதுதான், பழம்பொருள் விலை மட்டும் கொடுக்காதீர்கள். உடல் அசலாக இருந்தாலும் கையில் இருக்கும் குட்டித் துப்பாக்கி பெரும்பாலும் பின்னால் செய்து செருகியது. இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள்.

ஹாஸ்ப்ரோவின் பிளாக் சீரிஸ் வரிசைப் பொம்மைகள் நான்கு இருக்கின்றன. அவை உட்கார ஒரு எக்ஸ்-விங் விமானம் வாங்க ஆசை. — ராமேஸ்வரம்

பிளாக் சீரிஸ் 6 அங்குலம். கடைகளில் கிடைக்கும் ஹாஸ்ப்ரோ விமானங்கள் பெரும்பாலும் 3.75 அங்குலப் பொம்மைக்குச் செய்தவை. கால் மடக்கினாலும் உள்ளே போகாது. வின்டேஜ் கலெக்‌ஷன் வரிசையில் ஒரு விமானி பொம்மையைச் சேர்த்து வாங்குங்கள், அல்லது விமான ஆசையை விடுங்கள்.