கட்டம் போட்ட துணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளுக்குப் பாவாடை தைக்க நீல வெள்ளை கிங்ஹாம் துணி எடுக்கப் போனேன். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த இரண்டு துணிகளில் ஒன்றின் விலை இரு மடங்கு. கேட்டால், "அது பிரிண்ட், இது நூல் சாயம்" என்றார் கடைக்காரர். கட்டம் கட்டம்தானே, எதற்கு இந்தக் கூடுதல் விலை? மெட்ராஸ் செக்ஸ் என்பதும் இதுதானா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அந்த விலை நியாயமானதுதான். கிங்ஹாமில் நம் கண்ணுக்கு மூன்று நிறம் தெரிகிறது: அடர்நீலம், வெளிர்நீலம், வெள்ளை. தறியில் ஏறியதோ இரண்டே நிற நூல். பாவில், அதாவது நீளவாட்டு நூலில், நீலமும் வெள்ளையும் சம அளவில் மாறி மாறி வரும். குறுக்கே ஓடும் ஊடையிலும் அப்படியே. நீலம் நீலத்தைக் கடக்கும் இடம் அடர்நீலம். நீலம் வெள்ளையைக் கடக்கும் இடம்தான் அந்த வெளிர்நீலம். கண்ணருகே பிடித்துப் பாருங்கள், நீலமும் வெள்ளையும் பொடிப் பொடிப் புள்ளிகளாக இருக்கும். ஸ்காட்லாந்தின் கட்டத் துணியான டார்ட்டன், சாய்வரி விழும் ட்வில் நெசவு என்பதால் அதே கலப்பு அங்கே சாய்கோடுகளாகத் தெரியும்.

ஆக, கட்டத்தை நெய்வதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். நூலுக்குச் சாயம் ஏற்றி, எண்ணிப் பாவு ஓட வேண்டும். கைத்தறியில் ஊடையின் நிறம் மாறும்போதெல்லாம், அந்த நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை மாற்ற வேண்டும். ஊடையை ஒரே சீராக அடித்து நெருக்காவிட்டால் சதுரம் நீண்டுவிடும், அல்லது நசுங்கிவிடும். பிரிண்டுக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். முழுக்க ஒரே நிறம் என்றால் நூல் சாயம். ஒரே நூலில் நீலமும் வெள்ளையும் விட்டுவிட்டு வந்தால் பிரிண்ட்.

மெட்ராஸ் செக்ஸும் சாயநூலில் நெய்வதுதான். ஆனால் அதில் நிறங்கள் பல, கட்டங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. நைஜீரியாவில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் தலைமுறைகளாக இந்தத் துணியை வாங்கி உடுத்துகிறார்கள். அங்குள்ள பெண்கள் அதில் சில நூல்களை மட்டும் ஊசியால் தூக்கி, பிளேடால் அறுத்து உருவிவிடுவார்கள். மிஞ்சிய நூல்களில் வேறொரு கோலம் எழும். பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். நிறம் நூலிலேயே இருப்பதால்தான் எதை உருவினால் எது மிஞ்சும் என்று கணக்குப் போட முடிகிறது. நம் பக்கத்து நெசவாளி எண்ணி வைத்ததை முகம் தெரியாத ஒரு பெண் இழை இழையாகப் படித்துத் திருத்துகிறாள். கட்டத் துணியைப் பற்றி நான் அறிந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, பாவாடைக்கு நூல் சாயத் துணியையே எடுங்கள். பிரிண்டில் கட்டம் நூலோட்டத்துக்குச் சற்றுக் கோணலாக விழுந்திருக்கலாம், தைக்கும்போது இழுக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மடிப்பு வைக்க அளவு நாடாகூட வேண்டாம், கட்டத்தை எண்ணியே மடித்துக்கொள்ளலாம்.