வலி தாடையில, மனநல ஆலோசகர் எதுக்கு?

கேள்வி: டாக்டர், ஒன்றரை வருஷமா வலது காதுக்கு முன்னாடி தாடையில வலி, கொட்டாவி விட்டா டொக்குனு சத்தம். எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. ராத்திரி பல்லுல மாட்டிக்க ஒரு பிளேட்டும் வாய்க்கு எக்சர்சைஸும் கொடுத்தாங்க, பத்து நாள் பண்ணேன், குறையல, விட்டுட்டேன். இப்போ போனா மனநல ஆலோசகரையும் பாருங்கங்கறாங்க. என் வலி பொய்யா?

பதில்: பொய்யே இல்லம்மா. இதைப் படிக்கும்போது உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கிட்டா இருக்கு? பேசாம சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் பல்லுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கணும். கவலைல இருக்கறவங்க தெரியாமலே பல்லைக் கடிச்சுட்டே இருப்பாங்க, தசை நோகும், நொந்தா கவலை ஏறும், மறுபடி கடி. மூணு மாசத்துக்கு மேல போன வலின்னா நரம்புகளும் ரொம்ப உஷாராகி சின்னதா பட்டாலே கத்த ஆரம்பிச்சிடும். தாடை மூட்டு, தசைக் கோளாறைக் கண்டுபிடிக்க 2014-ல வந்த டிசி/டிஎம்டிங்கற சர்வதேச வழிமுறையே தாடையைப் பரிசோதிக்கறதோட நிக்காம கவலை, மனச்சோர்வு எவ்வளவுன்னும் கேக்கச் சொல்லுது, அதனால உங்க டாக்டர் உங்களைத் தட்டிக் கழிக்கல.

நீங்க விட்டதுக்கும் சோம்பேறித்தனம் காரணமா இருக்காது. வாயைத் திறந்தா உள்ள ஏதோ கிழிஞ்சிடும்னு பயம், இல்லன்னா என்ன பண்ணி என்ன ஆகப்போகுதுன்னு ஒரு சோர்வு, இந்த ரெண்டும்தான் நிறைய பேரை நிறுத்த வைக்குது (டொக்கு சத்தத்துக்கும் பயப்படுவாங்க, வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம்). ஆலோசகர் கைவைக்கப் போறது இங்கதான். ஆனா பத்து நாள் ரொம்பக் கம்மி, பலன் தெரிய பல வாரம் ஆகும், எக்சர்சைஸைப் பல் விளக்கறதோட சேர்த்து வெச்சுக்கிட்டா மறக்காது.

வாய் திறக்க முடியாம பூட்டிக்கிச்சு, வீக்கம் காய்ச்சல் வந்துச்சுன்னா உடனே போயிடுங்க. அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குப் புதுசா தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல்னு வந்தா அன்னிக்கே போகணும், அது வேற சமாச்சாரம்.

அப்புறம் டப்பாவுல கிடக்கற பிளேட்டை இன்னிக்கு எடுத்து அழுத்தி மாட்டாதீங்க, பல்லு லேசா நகர்ந்திருக்கலாம். கையோட எடுத்துட்டுப் போய், பத்து நாள்தான் போட்டேன்னு அப்படியே சொல்லிடுங்க. ஒழுங்கா போட்டேன்னு நீங்க சமாளிச்சா, பிளேட் கேக்கலன்னு நெனச்சு அவங்க அடுத்த வைத்தியத்துக்குத் தாவிடுவாங்க.