கேமரா வேண்டாம், மைக் வாங்குங்கள்

மதுரை பக்கத்துக் கீழக்குயில்குடியில் செல்போனிலேயே எடுத்த நாலு பேய்க்கதைகளைச் சேர்த்துப் போட்டால் மூன்றாவதில் ஆட்கள் எழுந்து போகிறார்கள், நல்ல கேமரா வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காசில்லாத படத்தில் காட்சி மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்துவிடுவார்கள். சட்டையில் குத்தும் மைக் ஒன்று போதும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி வெறும் சத்தத்தைப் பதிவு செய்து, வசனத்துக்கு அடியில் ஓடவிடுங்கள்.

நடுராத்திரியில் எடுக்காதீர்கள், செல்போனில் இருட்டு புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். பொழுது சாய்ந்ததும் எடுத்து, எடிட்டிங்கில் இருட்டாக்குங்கள். அந்த வெளிச்சத்தில் ஊரை ஒட்டிய சமணமலை கறுத்து நிற்பதே பாதி பயம். டியூப்லைட் வீட்டுக்குள் என்றால் கேமரா செட்டிங்கில் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள், திரையில் பட்டை ஓடாது.

ஆனால் நிஜமான சிக்கல் கதையில். நாலுமே பேய் கேமராவைப் பார்த்துக் கத்துவதில் முடிகின்றன என்கிறீர்கள். மூன்றாவதில் யார் பயப்படுவார்கள்? பல கதைகளைச் சேர்த்த இந்த வகைப் படங்களின் சுகமே ஒரு கதை சொதப்பினாலும் அடுத்தது தூக்கிவிடும் என்ற நம்பிக்கைதான், அதற்குக் கதைக்குக் கதை பயம் மாற வேண்டும். ஆளில்லாத வீட்டில் முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் கேட்கும் அந்தக் கிழவி கதை அருமை. அதைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், அந்தக் கிழவியின் முகத்தைக் காட்டவே காட்டாதீர்கள்.