உறுமிக்காரப் பையனுக்கு அறை கொடுக்கலாமா?

கேள்வி: நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம், இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சொந்த வீடு. பின்பக்க அறையில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் வாடகைக்கு இருக்கிறான். சாப்பாட்டுக் கடை வேலைக்குப் பெர்மிட்டில் வந்தவன். முதலாளி கடையை மூடிவிட்டார். சம்பளம் பாக்கி, பாஸ்போர்ட்டும் அவரிடமே. பெர்மிட் முடிந்து பல மாதமாகிறது. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் உறுமி அடிப்பதும் அவன்தான். போன வாரம் பக்கத்துத் தாமானில் குடிநுழைவு அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். "நாளைக்கே அனுப்பும்மா, அவன் இந்தியாக்காரன், நாம மலேசியர்" என்கிறாள் மகள். "நம்ம ரத்தத்தை எப்படித் தெருவில் விடுவது?" என்கிறான் தம்பி. இதற்கிடையில் போலீஸ் ரோட் பிளாக்கில் என் மகனை நிறுத்தி "ஓராங் மானா?" (எந்த ஊர்க்காரன்?) என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஐசி (அடையாள அட்டை) கையில் இல்லாததால் அரை மணி நேரம் நிற்க வைத்தார்களாம். "இவனுங்களாலதான் நமக்கும் இந்தக் கேவலம்" என்று அவன் இப்போது அந்தப் பையனோடு பேசுவதே இல்லை. நான் என்ன செய்ய?

பதில்: முதலில் உங்கள் வீட்டைப் பார்ப்போம் அம்மா. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு வீட்டுக்காரர்களுக்கென்றே இருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ் (தங்கும் அனுமதி) இல்லாதவரைத் தன் இடத்தில் தங்கவிட்டால் ஓர் ஆளுக்கு 5,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. "அத்தை என்று கூப்பிட்டான் சார்" என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. ஆகவே அறையைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. இதில் உங்கள் மகள் சொல்வது சரி.

ஆனால் அவள் சொல்லும் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் குடும்பம் தோட்டத்துக் குடும்பம் என்கிறீர்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற விதி இறுகியபோது, இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலர் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசிதான் இருந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் கப்பலேறிப் போனார்கள். உங்கள் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வீட்டு வரிசையிலேயே) திடீரென்று காலியான வீடுகள் இருந்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். "இந்தியாக்காரன்" என்று அவள் சொல்லும் அதே தொனியில் அன்று நம்மவர்களைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு.

தம்பி கட்சியும் எனக்கு முழுதாகச் சரிப்படவில்லை. அதே கடையில் பாத்திரம் கழுவிய ஒரு மியன்மார் பையனுக்கும் இதே போலச் சம்பளம் போயிருந்தால் அவர் மனம் இப்படித் துடித்திருக்குமா? தமிழ் பேசுகிறான் என்பதற்காக மட்டும் வரும் இரக்கம் பாதி வழியில் நின்றுவிடும். சரி, துடிக்கிற மனம் துடிக்கட்டும், சென்னை டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் அவர் போடட்டும். நீங்கள் இந்த மாத வாடகையை வாங்காதீர்கள்.

இப்போது அந்தப் பையன். அவன் பெர்மிட்டில் முறையாக வந்தவன் என்பது பெரிய விஷயம். திருட்டுத்தனமாக நுழைந்தவருக்கு 6-ஆம் பிரிவு, அதில் பிரம்படியும் உண்டு. பாஸ் முடிந்தும் தங்கியவருக்கு 15-ஆம் பிரிவு. அபராதமும் சிறையும் உண்டு, பிரம்படி இல்லை. ஆனால் சோதனையில் மாட்டினால் நிலைமை கடினம். நம்மைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவரை 14 நாள் வரை அப்படி நிறுத்தாமலே வைத்திருக்கலாம். அப்புறம் டிப்போ, அதாவது குடிநுழைவுத் தடுப்பு முகாம். அதனால் பிடிபடுவதற்கு முன் அவனாகவே போவதுதான் நல்லது.

அதற்கும் முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவிலேயே இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் விவகாரத்தில் பல வருடம் பழுத்த தெனாகனித்தா அமைப்பையும் கேட்கலாம். சம்பளத்தைப் பிடித்து வைத்தது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தது இரண்டையும் அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு அடையாளமாகச் சொல்பவற்றில் இவை இரண்டும் உண்டு. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதே 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இது தெரியாமல் எத்தனையோ முதலாளிகள் மேசை இழுப்பறையில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தெரிந்தே வைத்திருப்பவர்கள் இன்னும் அதிகம். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வழி உண்டு. வேலை செய்த நாட்கள், வாங்கிய தொகை, முதலாளி அனுப்பிய வாட்ஸாப் செய்தி எல்லாவற்றையும் இப்போதே எழுதியும் படமெடுத்தும் வைக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் கிடைக்கவே இல்லையென்றால் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகம் ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரப் பயணப் பத்திரம் கொடுக்கும். தானாகத் திரும்புவோருக்கான திட்டங்களை அரசாங்கம் அவ்வப்போது திறந்து மூடும். 2024 மார்ச்சில் தொடங்கிய திட்டத்தில் கூடுதலாகத் தங்கியவர்கள் 500 ரிங்கிட் கம்பவுண்டு (வழக்குக்குப் பதிலான அபராதம்) கட்டிவிட்டு வழக்கில்லாமல் ஊர் போனார்கள். இப்போது ஏதாவது நடக்கிறதா என்று வழக்கறிஞர் விசாரிப்பார். ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: "ஆறாயிரம் கொடு, பெர்மிட் போட்டுத் தருகிறேன்" என்று வரும் ஏஜெண்ட். பணமும் போகும், பையனும் மாட்டுவான்.

இதையெல்லாம் நீங்களே அவனை உட்கார வைத்துச் சொல்லுங்கள், இந்த வாரத்திலேயே. மகளையோ தம்பியையோ அனுப்பாதீர்கள். கோயில் கமிட்டியிடமும் பேசுங்கள். திருவிழாவில் அவன் அடிக்க அடிக்க ஆடியவர்கள், வழக்கறிஞரைப் பார்க்க ஈப்போவுக்குப் போய்வரும் செலவுக்காவது கை கொடுக்கட்டும்.

மகன் விஷயம். அவனைச் சிரித்துக் கேவலப்படுத்தியது சீருடையில் இருந்தவர், பின்பக்க அறையில் இருப்பவன் அல்ல. கோபம் தவறான ஆள்மேல் போயிருக்கிறது என்று அவனிடம் பட்டென்று சொல்லலாம். ஐசியைக் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு, கிண்டலடிக்க இல்லை. தேதி, நேரம், இடம், சட்டையில் இருந்த பெயர் நினைவிருந்தால் 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நிலையத்துக்கே கூட்டிப்போனால் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. இந்த அடையாள அட்டையே 1948-இல், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலத்தோடு வந்ததுதான். அந்த அவசரகாலம் வெடித்தது உங்கள் ஊர்த் தோட்டங்களில் ஜூன் 16 அன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட பிறகு. அந்த ஊர்ப் பையன் ஐசியை வீட்டில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் சுற்றுவதாவது! கையில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். பர்சில் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள்.