பெரும் பணக்காரர் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுத்தால் ஜனநாயகத்துக்கு என்ன கெடுதல்?

பணம் வந்தால் மாணவர்களுக்கு நல்லதுதானே என்று கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் என்றால் சரி. யார் கற்பிப்பது என்பதில் கொடுத்தவர் கை வைக்கும்போதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் ஜோர்ஜ் மேசன் ஓர் அரச பல்கலைக்கழகம். தேர்தல் அரசியலில் பெரும் பணம் இறக்கும் கோடீஸ்வரர் சார்ள்ஸ் கோக்கின் அறக்கட்டளை அதற்கும் நிதி கொடுத்தது. சில பழைய ஒப்பந்தங்களின்படி, பேராசிரியர் தெரிவில் நன்கொடையாளர்களுக்கும் பங்கு இருந்தது என்பது 2018இல்தான் வெளிவந்தது. அந்த ஒப்பந்தங்களை வெளியிடச் சொல்லி மாணவர்கள் பல வருடம் போராடினார்கள். வேட்பாளருக்கும் நிபுணருக்கும் ஒரே கை பணம் கொடுத்தால், வரி பற்றியோ சுற்றுச்சூழல் பற்றியோ மக்கள் கேட்கும் "சுதந்திரமான கருத்து" எங்கே இருக்கும்? எனக்கு இதுதான் பெரிய ஆபத்து.

இலங்கையில் வழி வேறு. அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் திறைசேரிப் பணத்தில் நடக்கின்றன. ஆனால் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான பேரவை அனுப்பும் 3 பெயர்களிலிருந்து துணைவேந்தரை நியமிப்பவர் ஜனாதிபதி. அந்த ஜனாதிபதியின் தேர்தலுக்கு யார் செலவழித்தார்கள் என்பது அப்போது பல்கலைக்கழகத்தின் பிரச்சினையும் ஆகிறது. பல பத்தாண்டுகளாகத் தேர்தல் செலவுக்கு வரம்பே இருக்கவில்லை. 2023இல்தான் சட்டம் வந்தது.

அப்புறம், 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். நன்கொடை ஒப்பந்தங்களைக் காட்டும்படி நீங்களே விண்ணப்பிக்கலாம்.