பழைய பைக் வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மூழ்கிய வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. கழுவிப் பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. சீட்டைக் கழற்றி ஒயர்களை இணைக்கும் கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள். பின்களில் பச்சைப் பூப்பு (உலோக அரிப்பு), ஏர் ஃபில்டர் பெட்டி மூலையில் காய்ந்த வண்டல் இருந்தால் விட்டுவிடுங்கள். இன்று ஹாரன், நாளை ஸ்டார்ட்டர் என்று கோளாறு தீராது. ஆயில் பால்டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. (புது ஆயில் ஊற்றியிருந்தால் இது காட்டிக்கொடுக்காது.)

என்ஜினைத் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பே சூடாக்கி வைத்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு மறைந்துவிடும். சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும்.

ஆர்சி புக்கில் லோன் இருக்கிறதா? கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம், கடன் கொடுத்த நிறுவனத்தின் என்ஓசியும் (தடையின்மைச் சான்று) கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30.